இரண்டாவது பொத்தான்

...ஆக நல்லவனாக இருந்ததுதான் குற்றம் என்றாகிவிட்டது, நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒழுங்காக இருந்து பார்த்தேன், அதற்கே கல்தா கொடுக்கிறார்கள் என்றால் ஹூஸ்டன் நகரத்தில் என்னைவிட ராசியில்லாதவன் எவன் இருக்கிறான்... பரோலில் வந்தவர்களை வைத்துத்தான் இந்த ஆராய்ச்சி, காலையில் குடித்திருக்கிறோமா என்று பார்க்க ஊதச் சொல்வார்கள், கோப்பையில் சிறுநீர் பிடிக்கச் சொல்வார்கள், ஒரு மாத்திரை, பிறகு இந்த ஜன்னல் இல்லாத அறை, திரையில் என் புள்ளிகள், கையருகே இரண்டு பொத்தான்கள். முதல் பொத்தானை அழுத்தினால் எனக்குப் புள்ளி ஏறும், புள்ளி காசாகும், ஆனால் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவன் அவ்வப்போது என் புள்ளியைத் திருடிக்கொள்வான். கோபம் வந்தால் இரண்டாவது பொத்தானைப் பத்துத் தடவை அழுத்தலாம், அவனிடம் ஒரு புள்ளி குறையும், எனக்கு ஒன்றும் வராது, வெறும் வஞ்சம் தீர்த்த திருப்தி மட்டும். நான் அதைத் தொட்டதே இல்லை. பொறுமையின் சிகரம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன், நேற்று என்னைப்போலவே அதைத் தொடாத இரண்டு பேரைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் டூலி விழுந்து விழுந்து சிரித்தான், "அடேய் ஓடெல், உன்னைய எதுக்குடா கூப்பிட்டிருக்காங்க? மாத்திரை போட்டா கோபம் கூடுதா குறையுதான்னு பாக்க. நீ பாதிரியார் மாதிரி உக்காந்திருந்தா எதைடா அளக்கறது? நாளைக்கு அழுத்து, இல்ல மூட்டையக் கட்டு."

மூட்டை கட்டினால் வெர்னா அக்கா வீடு இல்லை, அதுதான் விஷயம். சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், விரலை நீட்டி இரண்டே நிபந்தனை போட்டாள், "காலைல கிளம்பிப் போறதுக்கு உனக்கு ஒரு இடம் இருக்கணும், என் வீட்டுல ஒருத்தர் மேல கை ஓங்கக் கூடாது, புரியுதாடா?" புரிகிறது அக்கா, ஆனால் காலையில் போகிற அந்த இடத்தில் கை ஓங்கினால்தான் வைத்துக்கொள்வார்களாம், இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்... சரி, நடிப்போம். சிறையில் கோபத்தை அடக்கும் வகுப்பில் அழுது நடித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான், பத்து அழுத்து எனக்கு எம்மாத்திரம். இதோ, புள்ளி ஒன்று போச்சு, திருடிவிட்டான். மன்னிச்சுக்க தம்பி, சொந்தப் பகை ஏதுமில்லை, வேலைக்காக... டப் டப் டப், பத்து. அவனும் என்னைப்போல ஒருவனாக இருப்பான், பாவம், அவனுக்கும் ஓர் அக்கா இருப்பாள். அங்கே எவனும் இல்லை, வெறும் கம்ப்யூட்டர்தான் என்கிறான் டூலி, இருந்தாலும் இருமல் சத்தம் கேட்ட மாதிரி ஒருநாள் தோன்றியது, தொண்டைக்கு இதமாக ஏதாவது குடித்தானோ என்னவோ. மறுபடி ஒன்று போச்சு. மன்னிச்சுக்க, டப் டப் டப்... நடிப்பு நன்றாகவே வருகிறது, கொஞ்சம் முகத்தையும் சுளித்துக்கொண்டேன், கேமரா இருக்கிறதே.

ஆனால் இது என்ன, இவ்வளவு நாள் தெரியவில்லையே, பத்து அழுத்தினால் அப்புறம் கொஞ்ச நேரம் அவன் திருடுவதில்லை. பயந்துவிட்டானா? எண் ஏறிக்கொண்டே போகிறது, ஒருவரும் என்னைத் தொடவில்லை, அறை அப்படியே குளிர்ந்து தெளிகிறது, மழை விட்ட வாசல் மாதிரி. பிறகு மறுபடி ஒன்று குறைகிறது, நான் அழுத்துகிறேன், மறுபடி அமைதி. அழுத்து, அமைதி. மன்னிப்புக் கேட்டேனா இந்தத் தடவை? கேட்கவில்லை போலிருக்கிறது. போன தடவை? இப்போது அவன் ஒன்றுமே எடுக்கவில்லையே, பிறகு ஏன் விரல்... எடுத்துவிடுவானோ என்றுதான், முன்கூட்டியே... இன்றைய மாத்திரையின் வேலையா இது? அதனுள்ளே இருப்பது மருந்தா, வெறும் மாவா, கொடுக்கிற கர்ஸ்டனுக்கே தெரியாதாம், மாவாக இருந்தால் என்ன செய்வது? லமார் ஞாபகம் வருகிறான், வேண்டாம், வருகிறான், மனைவியின் தம்பி, எங்கள் வீட்டில் தங்கி பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை ஓயாமல் பேசியவன், என்னைக் குத்திக் குத்திப் பேசியவன், அவன் தாடையை உடைத்ததற்குத்தான் உள்ளே போனேன். கண் இருட்டிப்போச்சு, என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியலை சார் என்று வகுப்பில் சொன்னேன், எல்லாரும் தலையாட்டினார்கள். இருட்டவேயில்லை. அவன் தரையில் விழுந்ததும் ஃப்ரிட்ஜின் ஓசை கேட்டது, அவ்வளவு மெல்லிய ஓசை அந்த வீட்டில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டேன்... கோபத்தையா அளக்கிறீர்கள் இங்கே, கோபம் எங்கே இருந்தது, எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓசை கேட்கிற அமைதி.

திரை அணைந்தது, கதவு திறந்தது, கர்ஸ்டன் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்தபடி, "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடுங்க மிஸ்டர் ஓடெல்" என்றாள், ஆக வேலை நிலைத்தது. நடித்தேன் என்று அவளிடம் சொல்லலாமா, எதுவரை நடித்தேன் என்று திருப்பிக் கேட்டால்? வாசலில் வெயில் கொதிக்கிறது, பேருந்து நிறுத்தத்து நிழலில் ஒண்டிக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன். "என்னடா, வச்சுக்கிட்டாங்களா?" "வச்சுக்கிட்டாங்க அக்கா." "கடவுளே, நன்றி! ஏய் பசங்களா, மாமா வர்றான்டா!" பின்னால் ஒரே கூச்சல், ஒருத்தி அழுகிறாள், ஒருவன் தகரத்தைத் தட்டுகிறான், தொலைக்காட்சி ஒருபக்கம் அலறுகிறது, அக்கா அத்தனைக்கும் மேலே கத்திச் சிரிக்கிறாள், "இதுங்க ஒரு நிமிஷம் வாய மூடாதுங்க, சொல்லிட்டேன்!" நானும் சிரித்தேன், அந்தக் குழந்தைகளை எனக்குப் பிடிக்கும், சத்தியமாகப் பிடிக்கும், பெரியவளின் பல் விழுந்த சிரிப்பை நினைத்தாலே நெஞ்சு இளகும்...

"அக்கா, உன் வீட்டுல பின்பக்கமா வெளிய போற மாதிரி ஒரு கதவு இருக்கா?"

"இருக்கு. ஏன்டா?"

தகரம் தட்டுகிறவன் நிறுத்தவில்லை. "சும்மாதான் கேட்டேன்" என்றேன், அக்கா இப்போது சிரிக்கவில்லை.