காலிப் பட்டியல்

மருந்துக் கிடங்கில் அவளுக்கு ‘அடைப்புக்குறி அக்கா’ என்று பெயர். லிஸ்ப் என்கிற பழைய கணினி மொழியில் நிரல் எழுதுகிறவள். திரை முழுக்க அடைப்புக்குறிகளாக இருக்கும். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். சூடாகிவிட்ட குளிர்பெட்டிகளைப் பட்டியலிட்டு அபாய மணி அடிப்பது அவள் நிரலின் வேலை. இருபது வருடத்தில் அது ஒருநாள்கூட வீணாக அடித்ததில்லை.

போன வாரம் மேலாளரின் மைத்துனன் அதைக் குளோஜருக்கு மாற்றினான். குளோஜர் அதே லிஸ்ப் குடும்பத்தில் பின்னால் பிறந்த மொழி. செவ்வாய்க்கிழமை காலை அதை ஓடவிட்டதும் மணி அலறியது. ஒரு குளிர்பெட்டிகூடச் சூடாகியிருக்கவில்லை. ஆட்கள் அடித்துப்பிடித்து மருந்துகளை வெளியே இழுத்துப் போட்டதில் பாதி கெட்டுப்போனது.

மேலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். பிழை பழைய நிரலிலேயே இருந்ததாக அவள் ஒப்புக்கொள்கிறாளாம்.

“கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்.”

“நான் செய்யாத தப்புக்கா?”

“ரெண்டு மொழியும் ஒரே குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தான் அப்படியே எடுத்து எழுதினான்.”

சொன்னது உண்மைதான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டா எழுதுவது?

பழைய கணினியிலும் புதியதிலும் ஒரே வரியை எழுத்து மாறாமல் தட்டினாள். எந்தப் பெட்டியும் சூடாகாத நாளில் வருவதுபோல ஒரு காலிப் பட்டியலைக் கொடுத்து, ‘உண்டு’ என்றால் மணி, ‘இல்லை’ என்றால் அமைதி என்று கேட்டாள். பழையது ‘அமைதி’ என்றது. புதியது ‘மணி’ என்றது.

“பழசு, காலின்னா ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கும். புதுசு, காலியா இருந்தாலும் பட்டியல் இருக்கில்லன்னு நிக்கும். ரெண்டு மேலயும் தப்பில்ல. காலியான்னு ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கணும்.”

பக்கத்தில் நின்ற மைத்துனன் குனிந்து இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது வெளிய போனா எங்க குடும்ப மானம் என்னாகும்?” என்றார் மேலாளர்.

“அது உங்க குடும்பம் சார். இது என் பேரு.”

கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் அந்த வரியையும் இரண்டு பதில்களையும் எழுதி, அடியில் பளிச்சென்று கையெழுத்திட்டாள்.

“போட்டாச்சு. நாளைக்கும் ஒன்பது மணிக்கு வருவேன். வாசல்ல யாரு நிறுத்துறாங்கன்னு பாக்கலாம்.”

மணி மறுபடி அலறியது. இந்த முறை யாரும் ஓடவில்லை. மேலாளர் கடிதத்தை எடுக்கக் கை நீட்டுவதற்குள் மைத்துனன் அதன்மேல் கையை வைத்தான்.

“விடுங்க அத்தான். அக்கா, அந்தப் பேனாவைக் குடுங்க.”

அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.