கூட்டிப் போட்ட தண்டனை

"பொறு புள்ள. மூர்த்தி வரட்டும்."

வாய்க்கரிசி அள்ளிய சின்னத்தங்கத்தின் கையை ஆச்சிப்பிள்ளை மாமி பிடித்துக்கொண்டாள். அரிசி திரும்பச் சுளகில் விழுந்தது.

நேற்று விடியற்காலை இறந்த அம்மாவை இன்னும் எடுக்கவில்லை. தம்பி வினாயகமூர்த்தியைச் சிறையிலிருந்து கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

குடித்துவிட்டு வந்து, கண் தெரியாத அம்மாவைத் தள்ளி விழுத்தி, காதுத் தோட்டை அறுத்துக்கொண்டு ஓடியவன் அவன். தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவளுக்குச் செய்த குற்றம் என்று நீதவான் தண்டனையைக் கூட்டிப் போட்டார். காது ஆறுவதற்கு முன்பே அம்மா அவனுக்காக அழத் தொடங்கினாள். அதன்பிறகு பொரித்த மீனெல்லாம் சிறைக்குப் போனது. வீட்டில் இருவருக்கும் மீனில்லாத வெறும் ஆணமும் சோறும். கல்லடிப் பாலத்தில் இறங்கி, இராணுவச் சோதனைக்கு நின்று, மறுபடி பஸ் ஏறிச் சோற்றுப் பெட்டியைச் சுமந்தவள் சின்னத்தங்கம். அவள் திரும்பி வந்ததும் அம்மா பெட்டிக்குள் விரலை விட்டுத் தடவுவாள், மகன் மிச்சம் வைத்தானா என்று. சின்னத்தங்கத்தின் சோற்றுக் கோப்பைக்குள் அந்த விரல் ஒருநாளும் வந்ததில்லை.

பந்தலுக்குள் பெரியப்பா சீனித்தம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அடிச்சவனுக்குச் சோறும் போட்டு, காவலுக்கு ஆளும் போட்டு, இப்ப வாகனமும் விடுறானுகள். அடிபட்டவளுக்கு நோவுக்கு ஒரு பனடோல் குடுத்தானுகளா?"

"கூட்டிப் போட்டா அரசாங்கத்துக்குக் கூடத்தானே செலவு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அரசாங்கத்துக்கு என்ன செலவு? செலவழிஞ்சது இந்தா நிக்காளே, இவள்தான்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

வாகனம் வந்தது. பெண்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள்.

"மெலிஞ்சு போனியே மனே... ஆத்தையப் பாக்கவா இந்தக் கோலத்தில வந்தாய்..."

இளம் காவலாளி விலங்கைக் கழற்றிவிட்டான். மூர்த்தி முதல் அரிசியைப் போட்டான். சின்னத்தங்கம் போடும்போது யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கெதியா எடுங்க. ஆமி பாலத்தப் பூட்ட முதல் இவனக் கொண்டு போகணும்," என்றான் காவலாளி.

பாடை வேலிக் கடப்பைத் தாண்டியது. பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. மறுபடி விலங்கு பூட்டப்பட்ட மூர்த்தி, கடப்படியில் நின்று திரும்பினான்.

"அக்கா, அம்மா கடைசியா ஆரக் கூப்பிட்டவ?"

மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, ஈரத்துணியால் முகம் துடைத்த அவளுடைய கையை அம்மா இறுகப் பிடித்திருந்தாள். "மூர்த்தி, வந்திட்டியா மனே?" என்று கேட்டிருந்தாள். சின்னத்தங்கம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

இப்போது அவள் தம்பியைப் பார்த்தாள். பறைச் சத்தம் வாவிப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னத்தான் கூப்பிட்டவ," என்றாள்.

மூர்த்தி தலையாட்டினான். முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினான். அதோடு பூட்டியிருந்த காவலாளியின் கையும் எழுந்தது. அந்தப் பொடியன் வேறு பக்கம் பார்த்தபடி, கையைத் தாழ்த்தாமல் நின்றான்.