கூரைத் தண்ணீர் விழுந்த இடம்

"கல்லுப் பாக்கவோ ரெண்டு பஸ் எடுத்து வந்தனாங்கள்?" என்றார் றமணன்.

"சயந்தினி ஆசையாய்க் கூப்பிட்டவள். பேசாமல் வாங்கோ," என்றாள் மனைவி பாமா.

சயந்தினி லண்டன் பிளேஸ்டோவில் இவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தொல்லியல் வேலை. அடுக்குமாடி கட்டத் தோண்டிய நிலத்தில் எண்ணூறு வருடத்துச் சின்னத் தேவாலயமும் சவக்காலையும் அகப்பட்டிருந்தன. இன்று ஒருநாள் மட்டும் சனத்தை உள்ளே விட்டார்கள்.

முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர் மிச்சம். அதோடு ஒட்டிச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் இலக்க அட்டை.

"இதென்ன பிள்ளை, இவ்வளவு சின்னன்?" என்று சயந்தினியைக் கேட்டாள் பாமா.

"பேபீஸ், அன்ரி. ஞானஸ்நானம் குடுக்க முன்னம் செத்ததுகள். கூரையாலை வழியிற மழைத்தண்ணியாவது மேலை விழட்டுமெண்டு சுவரோடை தாட்டிருக்கினம் எண்டு நினைக்கிறம்."

"எத்தினை?"

"பதினொண்டு. ஒரு விரலெலும்பு விடாமல் பதிஞ்சிட்டம்."

பாமா குழிகளைப் பார்த்தபடியே கேட்டாள். "எண்பத்தாறிலை தாட்ட பிள்ளையைத் தேட ஏலுமோ?"

"பாமா..."

"நான் பிள்ளையோடை கதைக்கிறன். ஆறு மாசத்திலை செத்துப் பிறந்தது, சயந்தினி. இங்கை ஆஸ்பத்திரியிலை தாங்களே தாட்டுவிடுறம் எண்டவை, இவர் கையெழுத்து வைச்சவர். குழந்தைக்குக் கிரியை இல்லை, இடமும் கேக்கக்கூடாதெண்டு ஊரிலையிருந்து மாமி எழுதினவ. நானும் கேக்கேல்லை. இந்த எட்டு வரியத்திலை ஆஸ்பத்திரிக்கு நாலு கடிதம் போட்டிட்டன். ஒரு பதிலும் இல்லை."

"பதில் போடாமல் விடமாட்டினம் அன்ரி. நான் கேட்டுப் பாக்கிறன்."

"வேண்டாம்," என்றார் றமணன். "பதில் வந்தது."

"எப்ப?"

"ஆறு வரியமாச்சு. ஒரே குழியிலை பதினாறு பிள்ளையள். பிறகு மேலை மண் நிரப்பி வேறை ஆக்களைத் தாட்டிட்டினம். எந்த இடமெண்டு ஆருக்கும் தெரியாதாம். உமக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"அதுக்குப் பிறகும் ரெண்டு கடிதம் எழுதினனான். நீங்கள்தானே முத்திரை ஒட்டித் தந்தனீங்கள்."

பாமா சயந்தினியிடம் திரும்பினாள்.

"இதுகளை என்ன செய்வியள், பிள்ளை?"

"திங்கட்கிழமை பெட்டியளிலை எடுக்கிறம், அன்ரி. பிறகு கொங்கிறீற் போடுவினம்."

பஸ்ஸில் பாமா தனி இருக்கை பார்த்து இருந்தாள். அவர் பின்னால் இருந்தார். இரண்டு தரிப்பிடம் கழிந்தது.

"பிள்ளையைப் பாக்கவேண்டாமெண்டு நேர்ஸ் என்னட்டைச் சொன்னவள்," என்றாள், திரும்பாமலே. "நீங்கள் பாத்தனீங்கள்தானே. ஆம்பிளைப்பிள்ளையோ, பொம்பிளைப்பிள்ளையோ?"

பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. பச்சை விழுந்து கிளம்பியது.

"கேக்கிறனெல்லே?"

"நானும் பாக்கேல்லை, பாமா."