ஓரகத்தி கழுவிய சீட்டு

என் கொழுந்தன் பெண்டாட்டியை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். பிடிக்கும். பிடித்துத் தொலைக்கிறதே என்பதுதான் என் கஷ்டம். ஒரே வீடு, ஒரே அடுப்படி, காலையில் ஒரே பஸ், இறங்கினால் கார் சீட்டு கழுவுகிற அதே ஷெட். அங்கே என்னைப் பெரியவள் என்பார்கள், அவளைச் சின்னவள் என்பார்கள். நான் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அவள் வந்து இரண்டு. இப்போது வண்டி விட வருகிறவர்கள் கதவைத் திறக்கும்போதே கேட்பது, "சின்னவங்க இருக்காங்களா?"

இருக்காங்க. எங்கே போயிடப் போறாங்க!

என் வீட்டுக்காரரே ஒரு நாள் சாப்பிடும்போது, "சின்னவ கையில ஏதோ இருக்கு" என்றார். அப்போது என் கையில் கரண்டி இருந்தது. அதை என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம் முதலாளி இன்னொரு ஷெட் எடுத்தார். அதற்குப் பொறுப்பாக எங்களில் ஒருத்தியைப் போடப் போவதாகச் சொன்னார். ஒன்பது வருஷமாக முட்டி தேய்ந்தது இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு பல் டாக்டரம்மாவின் வண்டி வந்தது. ஃபிளாஸ்க் உருண்டு, முன் சீட்டு இரண்டிலும் பால் டீ கொட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. கதவைத் திறந்தால் புளித்த பால் நாற்றம். "ஆளுக்கு ஒரு சீட்டு. நாளைக்குக் காலையில வந்து பார்க்கறேன்" என்றார் முதலாளி.

துணி சீட்டில் ஒரு வம்பு உண்டு. மருந்து தெளித்து, பிரஷ் போட்டு, மெஷினால் தண்ணீர் விட்டு அழுக்கோடு உறிஞ்சி எடுத்தால் மேலே பளிச்சென்று ஆகிவிடும். அடியில் இருக்கிற ஸ்பாஞ்சில் மிச்சம் நின்றுவிட்டால், காய்கிறபோது அது ஈரத்தோடு மேலே ஏறி மறுநாள் பல்லை இளிக்கும். அதனால் கடைசியில் தண்ணீர் விடாமல் வெறும் மெஷினை நாலைந்து தடவை இழுக்க வேண்டும். நான் இரண்டு தடவைதான் இழுத்தேன். கண்ணெல்லாம் பக்கத்து சீட்டில் இருந்தால் எண்ணிக்கை எங்கே நினைவிருக்கும்? அவள் பிரஷ் பிடிக்கிற அழகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஷெட்டில் நான் மட்டும். ஒரு மக் நிறையத் தண்ணீர் மொண்டு அவள் சீட்டில் மெதுவாக ஊற்றினேன். சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. நாளைக்குக் காலையில் அத்தனை கறையும் மேலே வந்து நிற்கும், அப்போது பார்க்கலாம் இவள் கைராசியை. வயிறு குளிர்ந்துவிட்டது. பின்கட்டுக்குப் போனால், டப்பா மூடியில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தாள். அதையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தவள் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள். மெஷினை எடுத்து மறுபடி இழுக்க ஆரம்பித்தாள்.

"என்னடி, திரும்பவுமா?"

"சும்மா, இன்னும் ஒரு இழுப்புக்கா."

வெகுநேரம் இழுத்தாள். பிறகு தடியான வெள்ளை டவலை விரித்து, மேலே இரண்டு தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தாள். எத்தனை இழுத்தாலும் வந்து தொலைக்கும் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி, டாக்டரம்மாவோடு வந்து டவலைத் தூக்கினார். டவல் முழுக்கப் பழுப்புத் திட்டு. நான் ஊற்றிய தண்ணீர், அடியில் நின்றிருந்த பாலையெல்லாம் கிளப்பி மெஷினுக்கும் டவலுக்கும் கொடுத்துவிட்டிருந்தது. சீட்டு புதுசு போல் இருந்தது. என் சீட்டின் நட்டநடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு கறை.

"என்ன பெரியவங்களே இது?" என்றார் முதலாளி.

சின்னவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா மேல தப்பு இல்ல சார். என் சீட்டுல அக்காதான் தண்ணி ஊத்தினாங்க. அதனாலதான் உள்ள நின்ன பாலெல்லாம் கிளம்பி வந்துச்சு. நான் இழுத்தேன், அவ்வளவுதான். என் சீட்டையே பார்த்துட்டு இருந்ததுல அவங்க சீட்டை விட்டுட்டாங்க."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தன் வேலை கெட்டாலும் பரவாயில்லன்னு கூட இருக்கறவங்களுக்குப் பண்ணியிருக்கீங்க. பொறுப்புல இருக்க இப்படி ஒரு ஆள்தான் வேணும்" என்று புது ஷெட் சாவியை என் கையில் வைத்தார். டாக்டரம்மாவும் தலையாட்டினார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவர்கள் போனதும் என் சீட்டைத் திரும்பக் கழுவ உட்கார்ந்தோம். அவள் தண்ணீர் ஊற்றினாள், நான் மெஷின் பிடித்தேன். நாலு இழுப்புக்கு மேல் என்னால் மனசுக்குள் அடக்கி வைக்க முடியவில்லை.

"கெடுக்கத்தான்டி ஊத்தினேன்."

"தெரியும்க்கா. டப்பாவைத் திறக்கும்போதே ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

மெஷினை நிறுத்தினேன். "பார்த்துட்டுமா எனக்குச் சாப்பாடு எடுத்து வெச்சே? அப்புறம் ஏன்டி முதலாளிகிட்ட அப்படிச் சொன்னே?"

"பொறுப்பு எனக்கு வந்திருந்தா, வீட்டுல உங்க மூஞ்சியை யாருக்கா பார்க்கறது?" என்று சிரித்தாள். "இழுங்க, தண்ணி நிக்குது."

இழுத்தேன். கைவேலையில் அவள் என்னை மிஞ்சியதை எப்படியாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷமாக நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. இப்போதுதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.