வாரினிடம் கேட்காதது

வாரின் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அப்பாவின் தகனத்துக்கு முன் தலை மழித்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னவள் என்றுதான் ஊரில் இன்னும் அவளைப் பேசுகிறார்கள். அதை ஊருக்குச் சொன்னவள் நான்.

நான் அவளுக்கு அக்கா, எங்களுக்குள் ஆறு வயது வித்தியாசம். பிறந்தபோது அவளுக்கு இட்ட பெயர் கம்போன். வீட்டுக்கு ஒரே மகன். பதினேழு வயதில் பேருந்து ஏறிப் பட்டாயா போனவன் அங்கே வாரின் ஆனாள். அதன் பிறகு அப்பா அந்த இரண்டு பெயர்களையும் வாயில் எடுக்கவில்லை. வருடப் பிறப்பு தோறும் அவள் ஆடும் அரங்கத்திலிருந்து ஓர் உறை வரும். உள்ளே இரண்டு இலவச டிக்கெட்டுகள் இருக்கும், கடிதம் இருக்காது. அம்மா அவற்றை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைப்பாள். யாரும் போனதில்லை.

நாற்று நடும் பருவத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா இறந்தார். எங்கள் பக்கத்தில் தகப்பனை எரிக்கும் நாளன்று மகன் தலையும் புருவமும் மழித்து, காவி உடுத்தி, ஒரு நாள் பிக்குவாகி, வெள்ளை நூலைப் பிடித்துச் சவப்பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டும். மகனின் அந்தப் புண்ணியம் இல்லாமல் அப்பா மேலே போகமாட்டார் என்று அம்மா நம்பினாள். விகாரையின் தலைமை பிக்குவிடம் போய் அழுதாள்.

"ஆம்பளையா வரட்டும்" என்றார் அவர். "முடிய வெட்டிட்டு, மார்ப இறுக்கிக் கட்டிட்டு வரட்டும். ஒரு நாள்தானே, நான் கண்டும் காணாம இருந்துக்கறேன்."

அன்று மாலை அம்மா அந்த வருடத்து டிக்கெட்டை என் கையில் திணித்தாள். வாரினின் தொலைபேசி எண் எங்களில் யாரிடமும் இல்லை.

"நேர்ல போய்க் கேளு, புவாலை. மொட்டை அடிச்சுக்கறேன்னா கையோட கூட்டிட்டு வா. மாட்டேன்னா, வரவே வேணாம்னு சொல்லிடு. அவன் கூந்தலோட வந்து பொணத்துக்கு முன்னால நின்னா நான் ஊர் மூஞ்சில முழிக்க முடியாது."

தகனம் சனிக்கிழமை நான்கு மணிக்கு. நான் வியாழன் மதியம் பட்டாயாவில் இறங்கினேன். பேருந்து நிலையக் கழிப்பறையில் கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூப்போட்ட சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டேன். தூரத்திலேயே என்னைக் கறுப்பில் பார்த்து அவள் பதறிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

அரங்கத்தின் பின்வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. "மேக்கப் நேரத்துல யாரையும் விடமாட்டாங்கக்கா. ஷோவப் பாருங்க. முடிஞ்சதும் எல்லாரும் வெளியதான் வந்து நிப்பாங்க, போட்டோவுக்கு."

முன்வாசலில் டிக்கெட்டை நீட்டினேன். கவுண்ட்டர் பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள். "இது ஆர்ட்டிஸ்ட் வீட்டாளுங்களுக்குக் குடுக்கறதாச்சே. நீங்க யாரு வீடு?"

"வாரின்."

"வாரின் அக்காவுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா! பூமியப் பொளந்துட்டு வந்தாங்கன்னு இல்ல நினைச்சோம்!" சிரித்துக்கொண்டே உள்ளே யாருக்கோ போன் போட்டாள். பிறகு என் சட்டையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினாள். மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் வந்த ஐம்பது சீனச் சுற்றுலாப் பயணிகளோடு நானும் ஒருத்தியாக உள்ளே போனேன். அவர்களில் ஒரு பெரியவர் எனக்கு உப்புப் போட்ட பிளம் பழம் ஒன்று கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். வீட்டில் சவம் கிடக்கும்போது பூச்சட்டை போட்டு, பழம் சப்பிக்கொண்டு, கூத்துப் பார்க்க உட்கார்ந்திருந்தேன்.

ஆறரைக்குத் திரை விலகியது. இறகும் கண்ணாடி மணியும் கட்டிய இருபது பேர் படிக்கட்டில் இறங்கி வந்தார்கள். வாரின் அவர்களில் இல்லை. எனக்குப் பின்னால் பாங்காக்கிலிருந்து வந்த தம்பதி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், இத ஆம்பளைன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"முகத்தப் பாக்காதீங்க. கையப் பாருங்க, கைல தெரிஞ்சிடும்."

"நீ எதுக்கு இவ்வளவு உத்துப் பாக்கற?"

"நீங்க பாக்கறத விடவா?"

ஏழாவதோ எட்டாவதோ உருப்படியாக வாரின் தனியாக வந்தாள். சிவப்பு உடை. மேடையில் ஒரு நாற்காலியும் ஒரு நிலைக்கண்ணாடியும் மட்டும் இருந்தன. ஏதோ அந்நிய மொழியில் சோகமான பழைய பாட்டு ஓடியது. அவள் அதற்கு வாயசைத்தபடியே காதணியைக் கழற்றினாள். ஒட்டு இமைகளைப் பிய்த்தாள். பஞ்சால் உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள். பிறகு நீளமான டோப்பாவைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். உள்ளே கட்டையாக வெட்டிய ஆண் முடி இருந்தது. உடையை உதறிவிட்டுச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு எழுந்தபோது அங்கே நின்றது கம்போன். பதினேழு வயதில் படியிறங்கிப் போன அதே முகம், கொஞ்சம் வயதேறியிருந்தது.

மஞ்சள் கொடிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது பாட்டைக் கேட்டு வந்த அழுகை இல்லை, நிம்மதி. முடியைத்தான் ஏற்கெனவே வெட்டியிருக்கிறாளே! தினமும் இரண்டு தடவை மேடையில் ஆம்பளையாகிறவள் அப்பாவுக்காக ஒரே ஒரு நாள் ஆகமாட்டாளா? கேட்டுவிடலாம் என்று துணிந்தேன்.

வெளியே முற்றத்தில் ஆடியவர்கள் வரிசையாக நின்றார்கள். நூறு பாத் கொடுத்துவிட்டு ஆட்கள் இடுப்பில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாரின் மறுபடி சிவப்பு உடையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு குடும்பத்தைப் பாதிப் படத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா! வந்துட்டியா! கவுண்ட்டர்ல சொன்னப்ப நம்பல. யாரோ டிக்கெட்டத் திருடிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சேன்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பூச்சட்டை வேற! எனக்காக உடுத்திட்டு வந்தியா?"

நான் தலையாட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்துப் போனாள். "ஏய் நொக்யூங்! இங்க பாரு, என் அக்கா. சொந்த அக்கா. டீச்சர்!"

மயில் தோகை கட்டிய நொக்யூங் என்னைக் கைகூப்பி வணங்கிவிட்டு முகத்தை உற்றுப் பார்த்தாள். "அக்காவுக்குப் பொறந்ததுலேருந்தே இந்த மூக்கா? அடியே வாரின், இதே மூக்குக்கு நீ டாக்டர்கிட்ட எவ்வளவு அழுத?"

"அழுதது நான். இப்ப பொறாமைப்படறது நீ. தோகைய மடக்கு, அக்கா கண்ணுல குத்தப் போகுது."

என்னை நடுவில் நிறுத்தி எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் சிரித்தேன். அடுத்த காட்சிக்கு அவளுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஓரமாக அழைத்துப் போய், எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "அந்த நாற்காலிப் பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "அதச் சொல்லாதக்கா. அதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. பல்லக் கடிச்சிட்டுப் பண்றேன். முடிஞ்சதும் போய்க் குளிச்சாதான் உடம்பு என் உடம்பா இருக்கும். இந்த மாசத்தோட வேற ஆளப் போடுங்கன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்."

"முடிய வெட்டியிருக்கியே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க வெட்டினேன்? அந்த ஆம்பள முடிதான்கா டோப்பா! ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு போட்டிருப்பேன், மண்டையே வெந்துடும்." என் கையை எடுத்துத் தன் பின்னந்தலையில் வைத்தாள். டோப்பாவுக்கு அடியில், வலைக்குள் இறுக்கிச் சுருட்டிய கூந்தல், கைப்பிடி கொள்ளாமல் கனமாக இருந்தது. "பதினாலு வருஷம். நுனி மட்டும்தான் வெட்டுவேன்."

கையை எடுத்துக்கொண்டேன்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்றாள்.

"நல்லா இருக்கார். முட்டி வலிதான், வேற ஒண்ணும் இல்ல."

"நீ இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கண்ணை அகல விரித்து மை கலையாமல் பார்த்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மணி அடித்தது. அன்றிரவு தன் அறையில் தங்கச் சொன்னாள். பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிப் பேருந்தைப் பிடித்தேன்.

வழி நெடுக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று. அது பாதிதான். கேட்டு அவள் சரி என்றால், அந்தக் கூந்தல் கீழே விழுவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். மாட்டேன் என்றால், அதை அம்மாவிடம் சுமந்து போக வேண்டியிருக்கும். கேட்காவிட்டால் எனக்கு இரண்டும் இல்லை.

வெள்ளி காலை விகாரைக் கூடத்தில் பெண்கள் பப்பாளிக்காய் கொத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து வந்தாள். "என்ன சொன்னான்?"

பத்துக் கத்திகளும் நின்றன.

"மாட்டேன்னுட்டான்மா."

அவன் என்றுதான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

சித்தப்பா மகன் பூன்மிக்கு மொட்டையடித்தார்கள். முந்தின நாள்வரை குடித்திருந்தவன், நூலை மட்டும் ஆடாமல் பிடித்து நடந்தான். நான்கு மணிக்கு எல்லோரும் மரச்சீவலில் செய்த தகனப் பூக்களைப் பெட்டியின்மேல் வைத்தோம்.

மறுநாள் விடிந்ததும் எலும்பு பொறுக்கப் போனோம். சாம்பலை மனித உருவமாகக் கூட்டி, தலைப்பக்கம் எதுவென்று வெட்டியான் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வாடகை மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாரின் இறங்கினாள். பூன்மியின் மனைவி பேஸ்புக்கில் போட்ட தகனப் படத்தைப் பார்த்துவிட்டு இரவே கிளம்பியிருந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, முகத்தில் பூச்சே இல்லை. கூந்தலை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தாள். யாரோடும் பேசாமல் வந்து சாம்பலுக்கு முன் மண்டியிட்டாள்.

அம்மா அழவில்லை. "ஆள் அனுப்பிக் கேட்டேன். ஒரு நாளைக்கு உன் தலைமுடி பெரிசாப் போச்சு. எலும்புக்கு மட்டும் எதுக்கு வந்த?"

வாரின் தலை நிமிர்ந்து முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாசனைத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுதான் எனக்கு நினைவு. சத்தம் வரவில்லை.

"ஆமாம்மா" என்றாள் அவள். "அக்கா வந்து கேட்டா. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

கடைசி ஆளாகத்தான் அவளை எலும்பின்மேல் தண்ணீர் தெளிக்க விட்டார்கள்.

பேருந்து நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். தூரத்தில் பேருந்து தெரிந்தபோது அவள் கேட்டாள், "ஏன்கா கேக்கல?"

"நீ மாட்டேன்னுடுவியோன்னு பயந்தேன். சரின்னுடுவியோன்னும் பயந்தேன்."

"என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அத என் வாயால சொல்ல விட்டிருக்கணும் நீ."

அதற்குப் பிறகு அம்மா மூன்று வருடம் இருந்தாள், கடைசி ஒன்றரை வருடம் படுக்கையில். மூன்று வேளையும் நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன். ஒவ்வொரு வேளையும் அவள் வாயைத் துடைத்துவிட்டு, உண்மையை இப்போது சொல்லிவிடலாம் என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.