எத்தனை வீதம்

வழக்கு வென்ற செய்தி வந்த அன்றைக்கே தம்பித்துரை வீட்டுக் கதவின் கண்ணாடி உடைந்தது. துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் இருக்கிற சொந்தபந்தமெல்லாம் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுக்க, மணி ஓயாமல் அடிக்க, மனிதருக்கு முகம் கறுத்தது. தொலைபேசியைப் பிடுங்கி எறிந்தார். அது மனைவி ரஞ்சினியின் காதோரமாகப் போய்க் கதவில் பட்டது. அவள் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். அடுத்த நாள் வீடு தேடி வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்து, காற்று அடித்துக் கதவு சாத்தியதில் கண்ணாடி போய்விட்டது என்றாள். அன்று ஊரில் ஒரு இலை அசையவில்லை. கேட்டவர்கள் நம்பிக்கொண்டு கேசரியைச் சாப்பிட்டார்கள். இப்படியான காரியங்களில் எங்கள் சனத்தைப்போல ஒத்தாசையான சனத்தைக் காண முடியாது.

தம்பித்துரை பிறவிக் கோபக்காரர் இல்லை. ஒரு உணவகத்தில் சமையல் வேலை, வீட்டுக்கு வந்தால் மகளுக்குத் தலை வாரி இழுத்துவிடுவார், பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒரு நல்ல வார்த்தை வைத்திருப்பார். தொண்ணூற்றெட்டில் ஒரு மாலை, டிராம் தரிப்பிடத்தில் வெளிநாட்டுக்காரரைக் கண்டால் ஆகாத மூன்று மொட்டைத் தலைக்காரர் அவரை மறித்தார்கள். ஒருவன் முகத்தில் துப்பினான். இவர் கையிலிருந்த குடையால் ஒரு அடி போட்டார். அவ்வளவுதான், போத்தல் ஒன்று அவர் தலையில் உடைந்தது. விழுந்தவரை எழும்ப விடாமல், இரும்பு வைத்த சப்பாத்தால் மாறி மாறி உதைத்தார்கள். ஒருவன் பின்னால் போய், ஓடிவந்து, பந்து அடிக்கிறதுபோலத் தலையில் உதைத்தானாம். எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒரு கிழவி நீதிமன்றத்தில் சொன்னது இது. நெற்றியோரமாக இடப்பக்க மண்டையோடு உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரஞ்சினிக்கு அந்த முகத்தை அடையாளம் தெரியவில்லை. கழுத்து மச்சத்தைக் கண்ட பிறகுதான் அழத் தொடங்கினாள்.

போரில் காயப்பட்ட சிப்பாய்களுக்கு ஜெர்மன்காரர் எழுதி வைத்த ஓய்வூதியச் சட்டம் ஒன்று இருக்கிறது. தெருவில் இப்படி அடிபட்டவர்களுக்கும் அதே சட்டம்தான். ஆனால் முதலில் குடையால் அடித்தது நீதானே என்று ஓய்வூதிய அலுவலகம் கையை விரித்தது. மேன்முறையீடு, வழக்கறிஞர், சாட்சி என்று ஆறு வருடம் இழுபட்டு, இப்போதுதான் நீதிமன்றம் துப்பியவனை விட்டுவிட்டுக் குடையைப் பிடிக்க ஏலாது என்று தீர்த்திருந்தது. வென்றாயிற்று. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த அடி அவரை நூற்றுக்கு எத்தனை வீதம் முடமாக்கியது என்று ஒரு வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். வீதத்தைப் பொறுத்துத்தான் ஓய்வூதியமும் வைத்தியமும்.

அதற்கு டெர்மின் வந்தது, வைத்தியரிடம் வரச் சொல்லி நாளும் நேரமும் குறித்த கடிதம். டெர்மின் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கலியாண வீடு மாதிரி. ரஞ்சினி அவருக்குச் சவரம் செய்துவிட்டு, கோட்டு அழுத்தி, சப்பாத்து மினுக்கி, மாப்பிள்ளையைப்போலக் கூட்டிக்கொண்டு போனாள். முடமானவரைக் காட்டப் போகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. காத்திருக்கும் இடத்தில் ஒரு ஜெர்மன் கிழவர், போரில் ரஷ்யாவில் ஒரு கையை விட்டுவிட்டு வந்தவர், வெறும் சட்டைக்கையை ஊசி குத்தி மடித்து வைத்திருந்தார். தன் காயத்துக்கு அவர் வெள்ளை அடிக்கவில்லை.

மொழிபெயர்க்க மகள் ஆதிரை வந்திருந்தாள். இருபது வயது, பல் வைத்தியசாலையில் தொழில் பழகுகிறாள். வெயில் காலத்தில் நீளக்கைச் சட்டை போட்டிருந்தாள். முந்தின கிழமை தலைமயிர் காயவைக்கும் மெஷினின் இரைச்சல் பொறுக்காமல் தகப்பன் அவளுடைய கையை முறுக்கியதில், முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

வைத்தியர் ஒரு பெண்மணி. தம்பித்துரையைப் பரிசோதனைக்கு அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு ரஞ்சினியிடம் கேட்டார். மூளையின் முன்பக்கம் அடிபட்டவர்களுக்குக் குணம் மாறுவது உண்டு, இவர் கோபப்படுகிறாரா, கை நீட்டுகிறாரா? இருந்தால் அதையும் வீதத்தில் சேர்க்க வேண்டும், அதற்கு மருத்துவமும் இருக்கிறது என்றார்.

ஆதிரை அதைத் தமிழில் சொல்லி முடித்தாள். கேட்டது ஒரு கேள்வி, ரஞ்சினி கண்டது வேறு காட்சி. தகப்பனுக்கு மூளைக்கோளாறு என்று அரசாங்கமே எழுதிவிட்டால், இந்தப் பெட்டையைக் கலியாணம் பேசி யார் வருவான்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

"அவருக்கு ஒரு கோவமும் இல்லை, தலையிடி மட்டும்தான் எண்டு சொல்லு," என்றாள்.

ஆதிரை ஜெர்மனில் பேசினாள். தாய் சொன்னதைவிட நீளமாகப் பேசினாள். கிழவர்கள் இல்லத்தில் தரை துடைத்துப் பழகிய ஜெர்மன் ரஞ்சினிக்கும் இருந்தது. அடி, கதவு, கழுத்து, அம்மா என்ற சொற்கள் ஒவ்வொன்றும் அவளுக்கு விளங்கின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தவளின் கோப்பையை மகள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் ரஞ்சினியின் பக்கம் திரும்பி, மொழிபெயர்ப்பு வேண்டாத மாதிரி மெதுவாகக் கேட்டார். இது உண்மையா?

"நைன்," என்றாள் ரஞ்சினி. இல்லை. பிள்ளைக்குத் தகப்பனோடு கோபம், கூட்டிச் சொல்கிறாள் என்று தன் உடைந்த ஜெர்மனில் சேர்த்தும் சொன்னாள்.

திரும்பி வரும்போது தம்பித்துரை டிராமில் தூங்கிவிட்டார். வீட்டு மானத்தைச் சந்தையில் வைத்துவிட்டாயே, உனக்காகத்தானே மறைத்தேன் என்று தாய் குசுகுசுத்தாள்.

"எனக்காக இல்லையம்மா," என்றாள் ஆதிரை. "இன்னும் வராத மாப்பிள்ளைக்காகச் சொன்னனீங்கள்."

ரஞ்சினிக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டும், அது பிந்தித்தான் வந்தது.

அதன் பிறகு வீதம் எழுதிய கடிதத்துக்காக வீடு முழுக்கக் காத்திருந்தது. தபால்காரி வரும் நேரம் தம்பித்துரை படியிறங்குவார், வெறும் கையோடு ஏறுவார். ஏறி வந்ததும் ஏதாவது உடையும். ஒருநாள் தேநீர்க் கோப்பை, ஒருநாள் கதிரைக் கால், ஒருநாள் ரஞ்சினியின் கீழ்ப்பல். பல்லுக்குப் படியில் தடுக்கி விழுந்த கதை சொன்னாள். இரவில் அவர் நித்திரையில் கையால் தலையை மூடிக்கொண்டு முனகுவார். அப்போது அவளுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் ஆசையாக இருக்கும், பயமாகவும் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை ரஞ்சினி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். தபாலில் அன்றும் எதுவும் இல்லை. மேல்வீட்டுக்காரன் சுவரில் துளை போடத் தொடங்கினான். அந்தச் சத்தம் கூரையில் இல்லை, தம்பித்துரையின் மண்டைக்குள் இறங்கியது. எழும்பினார். ரஞ்சினியின் கையிலிருந்த, இடியப்பம் பிழிகிற மர உரலைப் பறித்தார். மேலே போய் அவனைக் கொல்லுவேன் என்று கத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆதிரை ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"அப்பா, வேண்டாம்."

உரல் அவளுடைய முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் துளைக்கிற சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. இரண்டாவது அடி கன்னத்தில். அவள் சுவரோடு சரிந்தாள். அவர் நிறுத்தவில்லை. விழுந்தவளைக் காலால் உதைத்தார். பின்னால் போய், ஓடிவந்து, உதைத்தார்.

ரஞ்சினி பாய்ந்தாள். அவளிடம் ஆயுதம் ஒன்றும் இல்லை. அவருடைய மணிக்கட்டைக் கடித்தாள். தோல் கிழிந்து வாயில் இரத்தம் உப்பாகக் கரிக்கும்வரை விடவில்லை. அவளுடைய முதுகில் அவர் குத்தக் குத்தக் கடித்தபடி தொங்கினாள். இந்த மனிதன் செத்தாலும் பரவாயில்லை என்று அந்த நேரம் நினைத்தாள், அது உண்மை. உரல் கைநழுவி விழுந்தது. மேலே துளைக்கிற சத்தமும் நின்றது.

தம்பித்துரை நிலத்தில் குந்தினார். மகளைப் பார்த்தார், சுவரில் தெறித்திருந்த இரத்தத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "பிள்ளைக்கு ஆர் அடிச்சது? அவங்கள் போட்டாங்களோ?" என்று கேட்டார்.

அந்த மொட்டைத் தலைக்காரர் அவரை அடித்து முடிக்கவே இல்லை என்பது ரஞ்சினிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தரிப்பிடத்தில் தொடங்கிய அடி ஆறு வருடமாக இந்த வீட்டுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அவள்தான் அதற்குக் கதவைச் சாத்திக் கொடுத்து, வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆதிரையின் கையைப் படம் எடுத்தார்கள். அவளுடைய கன்னத்தில் தையல் போட்ட இளம் வைத்தியர் என்ன நடந்தது என்று கேட்டார். ஆதிரை தாயைப் பார்த்தாள். வீங்கிய வாயால், ஒரு பிசகும் இல்லாத ஜெர்மனில், படியில் தடுக்கி விழுந்துவிட்டேன் என்றாள்.

தாயிடமிருந்து அவள் அதைப் பாடமாக்கியிருந்தாள். அவர் அடித்தபோதுகூட ரஞ்சினிக்கு இப்படி நோகவில்லை. நாளைக்கு இந்தப் பிள்ளை இன்னொரு வீட்டில், இன்னொரு வைத்தியரிடம், இதே படியில் விழுவாள்.

"நைன்," என்றாள் ரஞ்சினி. எழும்பி நின்றாள். "படி இல்லை. என் புருஷன்." ஜெர்மனில் அது மூன்று நான்கு சொல்தான். அந்தச் சொற்களை அவள் எப்போதோ படித்து வைத்திருந்தாள்.

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். ரஞ்சினியையும் அடிப்பாரா, இப்போது அவர் எங்கே, அவருக்கு என்ன நோய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தம்பித்துரையின் வீதத்தைக் கணக்குப் பார்க்கிற அந்தப் பெண் வைத்தியருக்கும் இதெல்லாம் போக வேண்டும் என்று ரஞ்சினி சொல்ல நினைத்தாள். அதற்கான ஜெர்மன் அவளுக்கு உடனே வரவில்லை. ஆதிரை வழக்கம்போலச் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தாள்.

"நீ பேசாமல் படு பிள்ளை," என்றாள் ரஞ்சினி. "நானே சொல்லுறன்."