தோளில் கிடந்த துண்டு

எண்பத்தெட்டில், ராஜபாளையத்துப் பக்கம் ஒரு பள்ளியில், எல்லாரும் சமம் என்று ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதினேன். பண்ணையார் வேடத்தைக் காலனிப் பையன் கருத்தப்பாண்டிக்குக் கொடுத்தேன்.

"கிருபாபாய் டீச்சர், ஏன் வம்ப வெலைக்கு வாங்குதீக?" என்றார் தலைமையாசிரியர்.

"அப்ப, சமத்துவம்னு பாடம் நடத்துறது பரீட்சைக்கு மட்டுந்தானா சார்?" என்று கேட்டேன்.

ஒத்திகையில் பையன் அசத்தினான். தோளில் துண்டைப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, "ஏலே, இந்த ஊர்ல இனிமே மேல கீழ கெடையாது" என்று அவன் சொல்லும்போது எனக்கே சிலிர்க்கும்.

விழாவன்று முன்வரிசை நடுவில், பந்தல் போட்டுக் கொடுத்த மாந்தோப்பு முதலாளி வைகுண்டராஜ் உட்கார்ந்திருந்தார். பையனின் அப்பா சோணைமுத்து அவர் தோப்பில்தான் காவல். கூட்டத்துக்குப் பின்னால், வேலியோரம் நின்றிருந்த சோணைமுத்து, மகன் துண்டோடு மேடையேறியதும் பதறிப்போய்த் தன் தோளைத் தட்டித் தட்டிச் சைகை காட்டினார்.

பையன் பார்த்துவிட்டான். துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதலாளி பக்கம் லேசாகக் குனிந்தான்.

"அய்யா, இந்த ஊர்ல இனிமே மேல கீழ கெடையாது."

நான் எழுதிக் கொடுத்ததில் "அய்யா" கிடையாது. கூட்டம் கைதட்டியது. மைக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது எனக்கு.

விழா முடிந்ததும் வைகுண்டராஜ் சிரித்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"பிள்ளைகளுக்கு மரியாத நல்லா சொல்லிக் குடுத்திருக்கீக, டீச்சர்."